பானைக்குள் பானை, அதற்குள் சந்தைக் காய்

சனிக்கிழமை காலையில் விவசாயிகள் சந்தைக்குப் போவது எனக்கு ஒரு பலவீனம். பட்டியல் எழுதிக்கொண்டுதான் போவேன். அரை கிலோ தக்காளி, கால் கிலோ கத்தரி, ஒரு கட்டுக் கீரை. உள்ளே நுழைந்த பிறகு அந்தப் பட்டியல் சட்டைப்பையை விட்டு வெளியே வராது. சீசன் உச்சத்தில் தக்காளி வாசம் நாலு கடைக்கு முன்னாலேயே ஆளை இழுக்கும். வரத்து அதிகமான நாளில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஒரு கூறு கேட்டால் இரண்டு கூறு பையில் விழும். காம்பு முள் விரலில் குத்துகிற அளவுக்குப் புதுசாக இருக்கும் கத்தரிக்காயை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

தொல்லை செவ்வாய்க்கிழமை தொடங்கும். கூடையில் வைத்த கீரை அதற்குள் படுத்துவிட்டிருக்கும். புதன்கிழமை கத்தரிக்காயை அமுக்கினால் பஞ்சுபோல் உள்ளே போகும். சரி என்று ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் தோலில் அங்கங்கே பழுப்புக் குழிகள், நறுக்கினால் உள்ளே விதைகள் கறுப்பு. வெள்ளரிக்காய் வழவழவென்று கசிந்தது. தக்காளி மட்டும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது, ஆனால் வாயில் போட்டால் வெறும் புளித்த தண்ணீர்.

வழக்கமாகக் கத்தரி வாங்கும் அக்காவிடம் ஒரு நாள் குறைப்பட்டுக்கொண்டேன்.

“எங்க வச்சீங்க?”

“ஃபிரிட்ஜுலதான் அக்கா.”

“வெயில்ல காய்ச்சதுக்கு அவ்வளவு குளிர் ஆகாது தம்பி. சூடும் வேணாம், குளிரும் வேணாம். நிழலா, ஈரமா ஒரு இடம் போதும்.”

நிழலாக, ஈரமாக ஒரு இடம். என் வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லை. கோடையில் சமையலறைக் கூடை இருக்கும் மூலை 34 டிகிரி, ஃபிரிட்ஜ் 4 டிகிரி. நடுவில் எதுவும் கிடையாது. அந்த நடு இடத்தைச் செய்ய முடியுமா என்று கிளம்பியதன் பதிவுதான் இது. நாலு மாதம் ஆனது. அதில் முதல் மூன்று வாரம் சுத்த வீண்.

முதலில் அந்த அக்கா சொன்னதைக் கொஞ்சம் துருவிப் பார்த்தேன். பறித்த காய் செத்த பொருள் இல்லை, உயிரோடு மூச்சு விடுகிறது. தனக்குள் சேர்த்து வைத்த சர்க்கரையை எரித்துத்தான் அந்த மூச்சு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் மூச்சின் வேகம் இரண்டு மூன்று மடங்கு ஆகும். பச்சைப் பட்டாணியும் மக்காச்சோளமும் சந்தையில் அவ்வளவு இனிப்பாக இருந்துவிட்டு வீட்டில் ஒரே நாளில் சப்பென்று ஆவதற்கு இதுவும் ஒரு காரணம், சர்க்கரை மாவுச்சத்தாக மாறிவிடுவது இன்னொன்று. மூச்சோடு தண்ணீரும் போகிறது. கீரையின் எடையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் போனாலே கண்ணுக்கு வதங்கல் தெரிந்துவிடும்.

அப்படியானால் குளிர் நல்லதுதானே என்றால், எல்லாக் காய்க்கும் அப்படி இல்லை. கத்தரி, வெள்ளரி, வெண்டை எல்லாம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் உள்ளே திசு உடைகிறது. நான் பார்த்த பழுப்புக் குழி அதுதான், அழுகல் அப்புறம் வருவது. தக்காளிக் கதை இன்னும் சுவாரசியம். 2016இல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளியை 5 டிகிரியில் 7 நாள் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. வாசனைப் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போய்விட்டன. திரும்ப வெளியே எடுத்து ஒரு நாள் வைத்தும் வாசனை பழைய நிலைக்கு வரவில்லை. நாக்கு சொன்னது சரிதான்.

பானை யோசனை என்னுடையது இல்லை. நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர், பானை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர், 1990களின் நடுவில் இரண்டு சுடுமண் பானைகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, இடைவெளியில் ஈர மணல் நிரப்பி, கிராமத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார். 2000ஆம் ஆண்டு அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மூன்று நாளில் கெடும் கத்தரிக்காய் அதில் 27 நாள் தாங்கியது, ஒரே நாளில் போகிற கீரை 12 நாள் தாங்கியது என்று அவருடைய சோதனைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் இதே தத்துவத்தில், இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவே ஈர மணல் போட்டுக் குளிர் அறை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. வேலை செய்யும் விதம் எளிது. மணலிலிருந்து ஈரம் வெளிப்பானையின் நுண்துளைகள் வழியாகக் கசிந்து மேற்பரப்புக்கு வருகிறது, அங்கே ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அதைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் போகும். மின்சாரக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சும்மா இருக்கிற மண்பானைக்கு இது பெரிய காரியம்.

சரி, செய்முறைக்கு வருகிறேன்.

முதல் பானையிலேயே சறுக்கல். அகலமான வாய், நல்ல செம்மண் நிறம், தடவினால் மழமழவென்று இருந்தது. அந்த மழமழப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன். அதே மழமழப்புதான் வினை. வீட்டுக்குக் கொண்டுவந்து ராத்திரி தண்ணீர் நிரப்பி வைத்தேன். காலையில் வெளிப்பக்கம் எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. பானை வேர்க்கவே இல்லை. மேலே ஏதோ வண்ணம் பூசி அதன்மேல் மெருகும் போட்டிருக்கிறார்கள். துளை அத்தனையும் அடைபட்டுப் போயிருந்தது. உப்புத்தாள் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். ஒரு உள்ளங்கை அகலம்தான் தேறியது, தோள்பட்டை போய்விட்டது. அதில் இப்போது செடி வளர்கிறது.

இப்போது கடையில் நின்றே சோதிக்கிறேன். விரலை நனைத்து ஒரு சொட்டுத் தண்ணீரைப் பானையின் வெளிப்புறத்தில் வைக்க வேண்டும். நல்ல பானையாக இருந்தால் அந்தச் சொட்டு உருண்டை கலைந்து, ஓரம் கறுத்து, பத்துப் பதினைந்து விநாடியில் உள்ளே போய்விடும். உருண்டையாகவே நின்று மின்னினால் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். விரல் முட்டியால் தட்டியும் பார்க்க வேண்டும். கணீர் என்று வந்தால் சரி, தொப் என்று வந்தால் எங்கோ விரிசல்.

இரண்டாவது தடவை பூச்சில்லாத சாதாரணச் செடித்தொட்டி இரண்டு. வெளியே இருப்பது உள்விட்டம் 42 செ.மீ., உயரம் 38. உள்ளே போவது வெளிவிட்டம் 32, உயரமும் 32. சுற்றிலும் 5 செ.மீ. இடைவெளி கிடைக்கும். இடைவெளி இதைவிடக் குறைந்தால் மணலில் தண்ணீர் நிற்கும் அளவு குறையும், இன்னும் அடிக்கடி ஊற்ற வேண்டி வரும். செடித்தொட்டிக்கு அடியில் ஓட்டை உண்டே, அதைத் தக்கை வைத்து அடைத்து மேலே கொஞ்சம் சிமெண்ட் பூசினேன். உள்பானை ஓட்டையை இரண்டு பக்கமும் பூச வேண்டும். நான் ஒரு பக்கம் மட்டும் பூசிவிட்டு, மூன்றாம் நாள் பானைக்குள் குளம் கட்டியிருப்பதைப் பார்த்தேன்.

சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு பானையையும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. அமிழ்த்தியதும் ‘சுர்ர்’ என்று மெல்லிய சத்தம், பானை உடம்பு முழுக்க ஊசிமுனைக் குமிழிகள் வரிசை வரிசையாக எழும்பும். மண்ணுக்குள் இவ்வளவு காற்று இருந்ததா என்று தோன்றும். முதல் பானையில் இப்படி ஒரு குமிழிகூட வந்திருக்காது.

மணல் விஷயத்தில் சோம்பேறித்தனம் கூடாது. கட்டட வேலையில் மீந்த மணல் ஒரு மூட்டை கிடைத்தது, அப்படியே கொட்டிவிட்டேன். அதில் களிமண் தூசி கலந்திருந்தது. தண்ணீர் ஊற்றியதும் அந்தத் தூசி மேலே குழம்பாக எழும்பி, காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகிவிட்டது. அடுத்த தடவை ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. அத்தனையும் வெளியே அள்ளி, சல்லடையில் சலித்து, வாளியில் போட்டுக் கழுவினேன். ஆறாவது வாளியில்தான் தண்ணீர் தெளிந்தது. சர்க்கரை அளவு பருக்கையாக இருந்தால் சரியாக இருக்கிறது. உப்பு மணல் வேண்டவே வேண்டாம், பானையின் துளைகளில் உப்புப் பூத்து அடைத்துவிடும்.

சேர்க்கும்போது அடியில் 5 செ.மீ. மணல், அதன்மேல் உள்பானை, இரண்டு வாயும் ஒரே மட்டத்தில் வருகிறதா என்று ஒரு சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். அப்புறம் சுற்றிலும் கரண்டியால் மணலைப் போட்டு, மெல்லிய குச்சியால் குத்திக் குத்தி இறக்கினேன். வாய்க்கு இரண்டு விரல் கீழே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை காய் எடுக்கும்போதும் மணல் உள்ளே சரியும். தண்ணீர் ஊற்றியதும் மணல் கொஞ்சம் அமிழும், மறுபடி நிரப்பினேன். மொத்தம் 30 கிலோ மணல் பிடித்தது. நனைக்க ஏழு லிட்டர்.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, பானையைச் சமையலறை மூலையில் உட்கார்ந்து கட்டியிருக்கிறேன். பானை, மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 50 கிலோ இருக்கும். அசைக்க முடியவில்லை. இருக்கட்டும், அங்கேயே ஓடட்டும் என்று ஈரச் சணல் துணியை மடித்து மூடி, உள்ளே ஒரு வெப்பமானியைப் போட்டேன். மறுநாள் மதியம் வெளியே 34, உள்ளே 31. வெறும் மூன்று டிகிரிக்கா இவ்வளவு பாடு?

காரணம் காற்று. மூலையில் இரண்டு பக்கமும் சுவர். பானையைச் சுற்றி ஈரக் காற்று போர்வை மாதிரி நிற்கிறது, அதற்குமேல் ஆவியாக இடமில்லை. அடிப்பாகம் தரையோடு ஒட்டியிருந்ததால் அங்கேயும் ஆவி போகவில்லை. வேறு வழியில்லாமல் மணலைத் திரும்ப அள்ளினேன். இந்தத் தடவை, ஜன்னலுக்கு அருகே, வெயில் படாத இடத்தில் முதலில் இரும்பு ஸ்டாண்டை வைத்து, அதன்மேலேயே கட்டினேன். நின்று நிலைத்தபின் வெளியே அதே 34, காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 35. உள்ளே 26.

எட்டு டிகிரி. கையை உள்ளே விட்டால் பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் கால் வைத்த மாதிரி இருந்தது. அக்கா சொன்ன இடம் இதுதான் என்று தோன்றியது.

இன்னும் குறைக்க முடியுமா என்றால், ஓரளவுக்கு மேல் முடியாது. ஒரு சாதாரண வெப்பமானியின் குமிழில் ஈரப் பஞ்சைச் சுற்றி விசிறிப் பாருங்கள். அது எந்த எண்ணில் போய் நிற்கிறதோ அதுதான் எல்லை. அன்று என் வீட்டில் அது 23இல் நின்றது. பானை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குக் கீழே போகாது, அதைத் தொடவும் தொடாது. காற்றில் ஈரம் கூடக் கூட இந்த எல்லை மேலே ஏறும். 35 டிகிரியில் ஈரப்பதம் 30 என்றால் எல்லை 22 அருகே இருக்கும். 32 டிகிரியில் 75 என்றால் 28க்கு வந்துவிடும். ஆகவே பானை கட்டுவதற்கு முன்னால் இந்த ஈரப் பஞ்சுச் சோதனையை ஒரு வாரம் செய்து பாருங்கள். வித்தியாசம் நாலைந்து டிகிரிதான் வருகிறது என்றால் 30 கிலோ மணலைக் கழுவ வேண்டாம்.

மழை பிடித்த ஒரு வாரத்தில் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டேன். வெளியே 31, ஈரப்பதம் 80, உள்ளே 29. குளிர்ச்சி இல்லை, ஈரம் மட்டும் உண்டு. பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு எது? நாலாம் நாள் தக்காளிக் காம்புக்குழியில் சாம்பல் நிறப் பஞ்சு. டேபிள் ஃபேனைப் பானை பக்கம் திருப்பி வைத்தேன், ஒரு டிகிரி இறங்கியது. மின்சாரமில்லாப் பானைக்கு மின்விசிறி என்று வீட்டில் சிரித்தார்கள். மழைக்காலத்தில் பானையைக் காலி செய்து காயவைப்பதுதான் மரியாதை.

காய்ந்த வாரங்களில் ஒரு சின்ன ஒப்பீடு செய்தேன். ஒரே கடையில், ஒரே கூறில் வாங்கிய கத்தரியை மூன்றாகப் பிரித்து, தலா அரைக் கிலோ, கூடையிலும் ஃபிரிட்ஜிலும் பானையிலும் வைத்தேன். ஐந்தாம் நாள் நிறுத்தால் கூடைக் கத்தரி 440 கிராம், தோல் தாத்தா நெற்றி மாதிரி. ஃபிரிட்ஜ் 472, பானை 489. எட்டாம் நாள் ஃபிரிட்ஜ் கத்தரியில் குழி விழத் தொடங்கியது. பானைக் கத்தரியில் காம்பு கொஞ்சம் பழுத்ததே தவிர, அமுக்கினால் விரல் பட்ட இடம் திரும்பி மேலே வந்தது. பத்து நாள் வரை நம்பிச் சமைத்தேன். 27 நாள் எனக்குக் கிடைக்கவில்லை, அந்தளவு வறண்ட காற்றும் என் ஊரில் கிடையாது.

கீரையில் தோற்றேன். பானையில் மூன்று நாள்தான் கண்ணுக்கு அழகாக இருந்தது. ஃபிரிட்ஜில், ஈரத்துணி சுற்றி, ஆறு நாள். கீரைக்கும் கேரட்டுக்கும் பட்டாணிக்கும் முள்ளங்கிக்கும் சைபருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் குளிர்தான் வேண்டும், பானை அவற்றுக்கு இடைக்கால ஏற்பாடு. கேரட் வாங்கியதும் மேல்தழையை வெட்டிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று விட்டால் அந்தத் தழை கிழங்கிலிருந்தே தண்ணீரை உறிஞ்சும். வெங்காயம், பூண்டு இரண்டையும் பானைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அவற்றுக்கு ஈரம் எதிரி. வெங்காயம் பத்தே நாளில் முளை விட்டது. நறுக்கிய பழம், சமைத்த சாப்பாடு, பால் எதுவும் பானைக்குள் கூடாது. 26 டிகிரி கத்தரிக்குச் சுகம், பாக்டீரியாவுக்கு அதைவிடச் சுகம்.

எதிர்பார்க்காமல் கிடைத்த லாபம் தக்காளி. அரைப் பழமாக வாங்கியது கூடையில், 34 டிகிரியில், மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நின்று அப்படியே மெத்தென்று ஆகிவிடும். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் 30 டிகிரிக்கு மேலே சரியாக உருவாவதில்லை. பானையில் 26இல் வைத்தது ஐந்தாம் நாள் நல்ல செக்கச் செவேல் என்று, உள்ளேயும் ஒரே நிறமாகப் பழுத்தது. ஒன்றை இரண்டாகப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் நம்பினேன். வாசனை? சனிக்கிழமை சந்தையில் வருகிற அதே வாசனை, வியாழக்கிழமை வீட்டில். காம்புப் பக்கத்தைக் கீழே வைத்து அடுக்கினால் அந்தக் குழி வழியாக ஈரம் போவதும் குறைகிறது.

ஆனால் தக்காளி பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பழுக்கும் தக்காளி எத்திலீன் வாயுவை விடும்; வாழை, மாம்பழம், பப்பாளி, ஆப்பிளும் அப்படித்தான். மூடிய பானைக்குள் அது சேர்ந்துகொள்ளும். என் வெள்ளரிக்காய் நான்கே நாளில் மஞ்சளானது, கத்தரிக்காயின் காம்புத் தொப்பி கையோடு கழன்று வந்தது. கேரட்டை இந்தக் கூட்டத்தில் விட்டால் கசக்கும். வாழைப்பழத்தை ஒரு தடவை சும்மா மேலே வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் கீரைக்கட்டில் பாதி மஞ்சள். அதன் பிறகு தக்காளிக்கு என்று தனியாக ஒரு சின்ன ஜோடிப் பானை கட்டினேன். இரண்டாவதைக் கட்ட அரை நாள்தான் ஆனது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் மறந்தால் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் ஒரு லிட்டர், மாலையில் முக்கால் லிட்டர் மணலில் ஊற்றுகிறேன். மேல்துணியையும் நனைத்துப் பிழிந்து போடுகிறேன். உள்ளே அடியில் துளி கட்டும், அதனால் காய்களைக் கம்பித்தட்டின் மேல்தான் வைக்க வேண்டும், தரையோடு படக்கூடாது. வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை சந்தைக்குக் கிளம்பும் முன்னால், உள்பக்கத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்துத் துணியை விலக்கி ஆறவிடுகிறேன். சந்தையிலிருந்து வந்த காயைக் கழுவாமல் வைப்பேன், சமைக்கும்போது கழுவினால் போதும். அடிபட்டது, கீறல் விழுந்தது எல்லாம் அன்றைக்கே அடுப்புக்கு. ஒரு அழுகல் உள்ளே போனால் மொத்தப் பானையையும் கெடுத்துவிடும்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு விநோதம். ஊற்றும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஒன்றே முக்கால் லிட்டர் குடித்த பானைக்கு ஒரு லிட்டர் போதும் என்றானது. ஆஹா, சிக்கனம் என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே பார்த்தால் 29. பானை குடிக்கவில்லை என்றால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது, குழாய்த் தண்ணீரின் உப்பு. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே நின்று துளையை அடைக்கிறது. தடித்த பிரஷ்ஷில் வினிகர் தொட்டுத் தேய்த்தேன். நுரைத்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நன்றாக அலசியதும் அடுத்த நாளே பழைய அளவு குடித்தது. இப்போது முடிந்தபோதெல்லாம் மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுகிறேன்.

பானை வந்தபின் சந்தையில் என் நடத்தை மாறியிருக்கிறது. முன்பு பத்து மணிக்கு ஆடி அசைந்து போவேன். இப்போது திறக்கும்போதே போய்விடுகிறேன். விடியற்காலையில் பறித்த காய் அப்போது இன்னும் குளிர்ந்திருக்கும். வெயிலில் நாலு மணி நேரம் கிடந்த காயை வாங்கினால் அந்தச் சூட்டை இறக்கவே பானைக்கு அரை நாள் ஆகிறது. “எப்பப் பறிச்சது?” என்று கேட்கிறேன். விளைவித்தவரே விற்கும் இடத்தில் மட்டும்தான் அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். தக்காளியை மூன்று பருவத்தில் பொறுக்குகிறேன், இன்றைக்குச் சிவந்தது கொஞ்சம், பாதி சிவந்தது கொஞ்சம், லேசாக நிறம் தட்டியது கொஞ்சம். வாரம் முழுக்க ஒவ்வொன்றாகப் பழுத்து வரும். வெண்டையை நுனி ஒடித்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன், ஒடித்ததை அடுத்தவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

குளிர் தொடங்கி காற்று வறண்டதும் பானை இன்னொரு முகம் காட்டியது. வெளியே 24 என்றால் உள்ளே 17. கோடையில் தோற்ற கீரை ஐந்து நாள் தாங்கியது, முள்ளங்கி ஒரு வாரம். கத்தரி, வெண்டை சீசன் முடிகிற நேரம் அது, பானைக்கு வாடகைக்காரர்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பானை, கழுவிய மணல், 34க்கு 26, எத்திலீன், வினிகர். கைப்பேசியில் படமும் காட்டினேன். தராசில் கத்தரியைக் கொட்டியபடி பொறுமையாகக் கேட்டார்.

“எங்க வீட்டுல தண்ணிப் பானைய மணல் மேலதான் வச்சிருக்கோம். பானை கசிஞ்சு அந்த மணல் எப்பவும் ஈரமாவே கெடக்கும். அதோரமா காயப் போட்டு ஒரு கூடையக் கவுத்துடுவோம். அதைத்தான் அன்னிக்கே சொன்னேன்.” தராசைப் பார்த்து இன்னும் ஒரு காயைப் போட்டார். “டிகிரி பாக்குற கருவி வேற வாங்கினீங்களா தம்பி?”

ஆமாம் என்றேன். முக்கால் கிலோ நிறுத்துப் பையில் கொட்டினார். பட்டியலில் கால் கிலோதான் எழுதியிருந்தது.